வாயில் கச்சானோடு தலையாட்டியவர்கள்

வாய் நிறையக் கச்சான் கடலையை வைத்துக்கொண்டும் சிரிக்கத் தெரிந்த என் மச்சாள் தர்சினிக்கு,

நீ போனபிறகு உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. நுளம்பு வலைக்குள்ளே குப்புறப் படுத்துக்கொண்டு, போன் வெளிச்சத்தைத் தலையணையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். முன்னறையில் அப்பா இருமுகிறார். அவர் இருமி முடித்துப் புரண்டு படுக்கும்வரை பேனையை நிறுத்திவைத்திருக்கிறேன். பிறகு தொடருகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கோவிக்காதே.

களைப்பாக இருக்கிறது, தர்சி. விடிய ரியூசன், பிறகு பள்ளிக்கூடம், பின்னேரம் வயலுக்குத் தேத்தண்ணி கொண்டுபோவது, இதெல்லாம் நீ இருந்தபோதும் இருந்தவைதானே. இது வேறு களைப்பு. ஒன்றைத் தெரிந்துகொண்டே தெரியாததுபோல் நாள் முழுக்கத் திரிந்தால் வருவது. படுத்தாலும் போவதில்லை.

நாளை மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, வயல் செய்கிற கமக்காரர்களின் கூட்டம். தண்ணீர் முறையில் நடந்த பிழைக்கு யார் காரணம் என்று நாங்கள் அங்கே சொல்லவேண்டும். உன் அப்பா, என் மாமா, முன்வரிசையில் இருப்பார். உன் பெயர் அங்கே எப்படிச் சொல்லப்படப்போகிறது என்பதுதான் இந்தக் கிழமை முழுவதும் எங்களுக்குள் நடந்த கதை. அதை உன்னிடம்தான் சொல்லவேண்டும். வேறு யாரிடம் சொல்ல?

அந்தக் கம்பனி அண்ணா வந்த நாள் உனக்கு ஞாபகமா? கிளிநொச்சி டவுனில் மென்பொருள் எழுதுகிற கம்பனியிலிருந்து வந்தவர். கணினிக் கழகத்தில் நீ, நான், பவித்திரா, அனுசன் நாலு பேரும் தண்ணீர் முறைச் செய்தி அனுப்பும் வேலையைத் தொடங்கியிருந்தோம். எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று ஒவ்வொரு கமக்காரருடைய போனுக்கும் செய்தி போகவேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் எங்களுக்குக் கணினி படிப்பிக்கிற சேர் அவரைக் கூப்பிட்டிருந்தார்.

அவர் கலர் கலரான ஒட்டுத்தாள்களைத் தந்துவிட்டுச் சொன்னார்: "எங்கடை கம்பனியிலை ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வேலையை நிப்பாட்டிப்போட்டு எல்லாரும் இருந்து திரும்பிப் பாப்பம். எது நல்லாப் போனது, எது பிழைச்சது, இனி எதை மாத்திறது. மனசிலை பட்டதை எழுதி உந்தச் சுவரிலை ஒட்டுங்கோ."

ஒருவரும் எழுதவில்லை. பவித்திரா மட்டும் 'எல்லாம் நல்லம்' என்று எழுதிவிட்டு அதையும் ஒட்டாமல் மடியில் வைத்திருந்தாள். அனுசன் தன் தாளில் ஒரு கோடு கீறி, அந்தக் கோட்டையும் வெட்டினான். அண்ணாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பயப்பிடாதேங்கோ தம்பி தங்கச்சியவை, இது விசாரணை இல்லை" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் குனிந்திருந்த தலைகள் இன்னும் குனிந்தன. நீதான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

"அண்ணை, நீங்கள் அந்தச் சொல்லை எடுக்காமல் இருந்திருந்தால் ஒராளாவது எழுதியிருக்கும்."

அவரும் சிரித்துவிட்டார். பிறகு தாள்களை மூடிவைத்துவிட்டு, கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சும்மா கதைத்தார். பிழை விட்ட ஆளைத் தேடுவதில்லை, பிழை எந்த வழியால் வந்தது என்றுதான் தேடுவது என்றார். பயந்த ஆள் பிழையை ஒளிப்பான், ஒளித்த பிழை உள்ளே கிடந்து வளரும், அதனால்தான் பயமில்லாமல் கதைக்க ஓர் இடம் வேண்டும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் வீடுகளில் 'என்ன நடந்தது' என்று யாராவது கேட்டால் 'ஒண்டுமில்லை' என்பதுதானே முதலில் வாயில் வரும்?

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் சோற்றுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஆர் என்ன செய்தது எண்டு எழுதித் தரச் சொன்னவரோ?"

"ஓம் அப்பா. சுவரிலை ஒட்டத்தான்."

"நீ எழுதினியோ?"

"இல்லை."

"நல்லது. உதுகளிலை பேர் எழுதாதை பிள்ளை. என்னத்துக்கு எழுதினாலும் பேர் எழுதாதை."

பிறகு அவர் சாப்பிடவில்லை. அம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் வந்து, மெதுவாக என்னிடம் சொன்னா: சண்டை முடிந்தபிறகு அடைத்துவைத்த முகாமிலே ஒருநாள் எல்லாரையும் வரிசையில் விட்டு, பெயரையும் செய்த வேலையையும் எழுதித் தரச் சொன்னார்களாம். எழுதிக் கொடுத்தவர்கள் எல்லாரும் திரும்பி வரவில்லையாம். எழுதிக் கொடுத்த சித்தப்பாவுக்குப் பக்கத்தில்தான் அப்பா நின்றாராம்.

இதை நான் உனக்குச் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பை வறுத்த கச்சானோடு வந்தாய். உங்கள் மேட்டுக்காணிக் கச்சான், மாமா மணலில் வறுத்தது, பை இன்னும் சூடாக இருந்தது. கணினி அறை மேசையில் கொட்டிவிட்டு நீ போட்ட சட்டம் இதுதான்:

"எழுதத் தேவையில்லை. கதைக்கிற ஆள் உடைக்கலாம், தின்னக் கூடாது. மற்றவை தின்னவேணும். வாயிலை கச்சான் இருக்கிற ஆள் கதைக்கக் கூடாது. மறுமொழி சொல்ல விருப்பமெண்டால் முழுக்க மெண்டு விழுங்கிப்போட்டுச் சொல்லலாம்."

"இதென்ன விசர்ச் சட்டம்?" என்றான் அனுசன்.

"முதல் நீ தின், அண்ணை" என்று ஒரு பிடியை அவன் கையில் திணித்தாய்.

விசர்ச் சட்டம்தான். ஆனால் வேலை செய்தது. பவித்திரா செய்த திரையைப் பார்த்து அனுசன், "உது என்ன, கோயில் கொடியேத்தம் மாதிரிக் கலர் அடிச்சு வைச்சிருக்கிறாய்? வயலுக்கை நிண்டு வெயிலிலை பாக்கிற மனுசருக்கு என்ன தெரியும்?" என்றபோது, பவித்திராவின் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. அவள் கண்ணில் வந்த கோபத்தை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். மென்றாள், மென்றாள், விழுங்கினாள். விழுங்கியபிறகு, "ரெண்டு கலர் குறைக்கிறன். ஆனால் நீ இனிக் கொடியேத்தம் எண்டு சொல்லக் கூடாது" என்றாள். கோபம் கச்சானோடு உள்ளே போய்விட்டது என்று நீ கைதட்டினாய்.

அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளியும் கச்சான் கூட்டம். கை வேலையாக இருந்தால் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை. தோலைப் பார்த்துக்கொண்டே சொல்லலாம். சொன்னோம். நான்கூடச் சொன்னேன், எனக்கு நீங்கள் மூவரும் கெதியாகக் கதைக்கும்போது பாதி விளங்குவதில்லை என்று. வீட்டில் சொல்லாத சொற்களை அந்த மேசையில் சொல்லியிருக்கிறோம், தர்சி. அது உன்னால்.

அதனால்தான் அந்தக் கடைசிக் கூட்டம் எனக்கு வலிக்கிறது.

சிறுபோக நெற்செய்கை தொடங்கியிருந்தது. எங்கள் செய்தியை நம்பிக் கமக்காரர் வயலுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். முறை நாளைக் கணக்கிடுகிற பகுதி உன்னுடையது. நீ ஒரு கச்சானை உடைத்து, தின்னாமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னாய்:

"ஒண்டு சொல்லவேணும். இப்ப நாலு நாளைக்கு ஒருக்கா முறை எண்டு நான் கையாலை போட்டு வைச்சிருக்கிறன். குளத்திலை தண்ணி குறைஞ்சால் அஞ்சு நாளாக்குவினம். அது தானாய் மாறாது. ஆராவது உள்ளுக்குப் போய் மாத்தவேணும். இல்லாட்டில் கடைசி வாய்க்காலுக்குப் பிழையான நாள் போகும். நானில்லாத நேரமெண்டாலும் ஆரும் ஒராள் பாருங்கோ, என்ன?"

எங்கள் மூவரின் வாயிலும் கச்சான். மூவரும் தலையாட்டினோம்.

பவித்திராதான் முதலில் விழுங்கினாள். விழுங்கியவள் கேட்டது வேறு: "எடியே, உன்ரை கண் ஏன் இப்பிடிச் சிவந்திருக்கு?"

"சேத்துத் தண்ணி தெறிச்சிருக்கும். உடம்பும் கொஞ்சம் சுடுகுதுதான்."

அத்தோடு கதை உன் கண்ணுக்கும் உன் காய்ச்சலுக்கும் போய்விட்டது. நான் உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அனுசன் வீட்டுக்குப் போகச் சொன்னான். நீ சைக்கிளில் ஏறிப் போனாய். எலிக்காய்ச்சல் என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கச்சான் கூட்டம் இல்லை. நீயும் இல்லை.

எங்கள் தலையாட்டலை நீ ஓம் என்று எடுத்துக்கொண்டாயா? அல்லது அடுத்த கிழமை இன்னொருமுறை கேட்கலாம் என்று வைத்திருந்தாயா? இதை யோசித்து யோசித்துத்தான் எனக்கு நித்திரை வருவதில்லை.

குளம் வற்றியது. முறையை ஐந்து நாளாக்கினார்கள். கோயில் ஒலிபெருக்கியிலேயே அறிவித்தார்கள், எங்களுக்கும் கேட்டது. எங்கள் நிரல் மட்டும் நாலு நாள் என்றே எண்ணிக்கொண்டிருந்தது. மதகுக்குப் பக்கத்தில் வயல் உள்ளவர்கள் தண்ணீரைக் கண்ணால் காண்கிறவர்கள், அவர்களுக்கு ஒன்றும் இல்லை. கோயில் சத்தம் எட்டாத கடைசி வாய்க்கால்காரர் எங்கள் செய்தியை நம்பி ஒரு நாள் முந்திப்போய், வரம்பை வெட்டிவைத்துக்கொண்டு பகல் முழுக்கக் காத்திருந்தார்கள். வராத தண்ணீரைத் திட்டிவிட்டு, வெட்டிய வரம்பைக் கட்டிப்போட்டு வீட்டுக்குப் போனார்கள். அடுத்த நாள் தண்ணீர் வந்தபோது அங்கே ஆள் இல்லை. வயல்களைத் தாண்டி ஓடிக் கழிவு வாய்க்காலில் விழுந்தது. நெல் குடலையாகி, கதிர் வெளியே வரக் காத்து நிற்கிற நேரம். மேட்டுத் துண்டுகள் சில கருகிவிட்டன. அவற்றில் ஒன்று மாமாவுடையது.

சனம் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டது. சேர் பாவம், வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார். செவ்வாய்க்கிழமை எங்களைக் கூப்பிட்டு, "ஞாயிற்றுக்கிழமை கமக்காரர் கூட்டத்திலை பதில் சொல்லவேணும். என்ன நடந்தது, ஆற்றை பக்கத்திலை பிழை எண்டு ஒரு பக்கத்திலை எழுதித் தாங்கோ. சுத்தி வளைக்காதேங்கோ" என்றார்.

அவர் போனபிறகு நாங்கள் மூவரும் கணினி அறையில் இருந்தோம். மேசையில் ஒன்றும் இல்லை. நீ போனபிறகு யாருக்கும் கச்சான் வாங்க மனம் வரவில்லை. அனுசன் திரையில் எழுதத் தொடங்கினான்: 'தர்சினி எழுதிய பகுதியில் இருந்த பிழையால்...'

பவித்திரா அழுதாள். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

"என்ன பாக்கிறாய், கஜி? அது அவளின்ரை பகுதிதானே? பொய் ஒண்டும் இல்லையே."

அனுசன் தட்டுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அவளுக்கு இனி ஒண்டும் ஆகாது. எங்களுக்கு ஆகும். எனக்கு அந்தக் கம்பனியிலை லீவுக்குப் பழக இடம் தாறதெண்டு சொல்லியிருக்கினம். உனக்கு உன்ரை அப்பா இருக்கிறார். பவிக்கு, சனம் ரோட்டிலை மறிச்சு ஏசும். அவளை ஆர் மறிச்சு ஏசுறது?"

அவன் கெட்டவன் இல்லை, உனக்குத் தெரியும். உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது முன்னால் நின்று தோள் கொடுத்தவன் அவன். அவன் சொன்னதைக் கேட்டதும் எனக்கு என்ன வந்தது தெரியுமா? கோபம் வரவில்லை. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது போல ஓர் ஆறுதல் வந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. ஆளைத் தேடாமல் வழியைத் தேடுங்கள் என்று அந்த அண்ணா சொன்னார். நாங்கள் ஆளைத்தான் தேடினோம், அதுவும் திருப்பிக் கதைக்கமுடியாத ஆளை. இறந்துபோன ஒருவர் கூட்டத்தில் இருந்தால் மற்ற எல்லாருக்கும் எவ்வளவு வசதி!

புதன்கிழமை பின்னேரம் குளக்கட்டால் வந்துகொண்டிருந்தேன். எதிரே மாமா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். திரும்பிப் போக வழியில்லை. அதே மலையகப் பேச்சில் கேட்டார்:

"என்ன கஜி புள்ள, வீட்டுப் பக்கமே காணோம்? மாமா மேல கோவமா?"

"இல்லை மாமா. ரியூசன்."

"ஆமா, படிக்கிற புள்ள." சைக்கிளின் கைபிடிக் காண்டிலில் கொழுவியிருந்த பையை எடுத்தார். "இந்தா. எம் மக அது, வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம கச்சான் வறுத்துத் தான்னு நச்சரிக்கும். இந்த வாரம் கை தானா வறுத்துருச்சு. ஒத்த ஆளு தின்னு என்ன பண்ண? ஒங்க கூட்டம் நடக்குதுல்ல?"

"ஓம் மாமா, நடக்குது" என்று பொய் சொன்னேன்.

வயலைப் பற்றிக் கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவரே சொன்னார்: "மேட்டுத் துண்டு கொஞ்சம் காஞ்சிருச்சு. அது கெடக்கு. மெசினுன்னா ஒரு நாள் மக்கர் பண்ணத்தான் செய்யும்." பிறகு சைக்கிள் மணியை விரலால் துடைத்துக்கொண்டே, "ஞாயித்துக்கெழம நீங்க எல்லாம் வந்து பேசுறீங்களாமே? நா நேரத்தோட வந்து முன்னால ஒக்காந்துக்குவேன். அது செஞ்ச வேலையப் பத்தியும் சொல்லுவீங்கல்ல? நாலு பேரு முன்னால அது பேரச் சொல்லுவீங்கல்ல, புள்ள?"

தலையாட்டினேன். தர்சி, மறுபடியும் தலைதான் ஆட்டினேன்.

வீடு வரும்வரை அந்தப் பை என் கையைச் சுட்டது.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டபிறகு கணினி அறைக்குப் போய், எதுவும் சொல்லாமல் பையை மேசையில் கொட்டினேன். கொஞ்சம் நிலத்திலும் சிந்தியது. அனுசன் அந்தப் பக்கத்தை அச்சடித்துக் கையில் வைத்திருந்தான்.

"இதென்ன?"

"மாமா தந்தவர்."

யாரும் தொடவில்லை. வெளியே வலைப்பந்து விளையாடுகிறவர்களின் சத்தம் கேட்டது. நான் ஒன்றை உடைத்தேன். உடைத்தால் கதைக்கவேண்டும் என்பது சட்டம். தோலைப் பார்த்துக்கொண்டே, மாமா குளக்கட்டில் கேட்டதை அப்படியே சொன்னேன். அவர் பேச்சிலேயே சொன்னேன். 'நாலு பேரு முன்னால அது பேரச் சொல்லுவீங்கல்ல, புள்ள.'

பவித்திரா ஒரு கச்சானை எடுத்தாள். உடைத்தாள்.

"அவள் சொன்னவள். அஞ்சு நாளாக்கினால் மாத்தவேணும் எண்டு. எனக்கு ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கு. நான்தான் உடனை கண்ணைப் பற்றிக் கேட்டனான். கேட்டிராட்டில் ஆராவது ஓம் எண்டிருப்பம்."

"உன்ரை பிழை இல்லை. அவளின்ரை கண் சிவந்துதானே இருந்தது" என்றேன். "நான் மெசேச் போகுதோ எண்டுதான் பாத்தனான். சரியான நாள் போகுதோ எண்டு ஒருநாளும் பாக்கேல்லை."

அனுசன் நின்றுகொண்டே இருந்தான். கதவைப் பார்த்தான். போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். பிறகு கதிரையை இழுத்து இருந்து ஒரு கச்சானை எடுத்தான். உடைக்காமல் விரலுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"லவுட்ஸ்பீக்கரிலை அறிவிச்ச அண்டைக்கு நான் கோப்பைத் திறந்தனான்" என்றான். "மேலை 'எழுதியது தர்சினி' எண்டு கிடந்தது. மூடிப்போட்டன். அடுத்த நாளும் திறந்தனான். மூடிப்போட்டன். ஒரு எண்ணைத்தான் மாத்தவேணும். எனக்கு ஏலாமப் போச்சு."

பவித்திராவும் சொன்னாள், தானும் ஒருமுறை திறந்து மூடியதாக. நானும்தான், தர்சி. மூவரும் தனித்தனியே உன் பெயர் வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கிறோம். ஒருவருக்கு ஒருவர் சொல்லவில்லை. மற்றவர் மாற்றியிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறோம்.

பிறகுதான் நாங்கள் தின்னத் தொடங்கினோம். உப்புக் குறைவு. மாமாவுக்கு உப்பு எப்போதும் குறைவுதானே. அனுசன் கணினியைப் போட்டு உன் கோப்பைத் திறந்தான், மூவரும் சேர்ந்து பார்த்தோம். நாலை ஐந்தாக்கினான். உன் பெயர் இருந்த வரியை ஒருவரும் தொடவில்லை. பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்துப்போட்டு வேறு எழுதினான். 'முறை மாறினால் நிரலில் மாற்றவேண்டும் என்று தர்சினி எங்கள் மூவருக்கும் முன்கூட்டியே சொன்னார். நாங்கள் தலையாட்டினோம். ஒருவரும் மாற்றவில்லை.'

"சேர் இதை விடுவாரோ தெரியாது" என்றான். "சனம் இனி எங்கடை மெசேச்சே வேண்டாம் எண்டும் சொல்லும்." பிறகு வாய்க்குள் ஒரு பிடியைப் போட்டுக்கொண்டு, சட்டத்தையும் மறந்து, "சரி, ஆர் வாசிக்கிறது?" என்றான்.

மூவரின் வாயிலும் கச்சான். பவித்திரா என்னைப் பார்த்தாள். நான் அனுசனைப் பார்த்தேன். மூவரும் மென்றோம். அதே மேசை, அதே உப்பிய கன்னங்கள். 'ஆரும் ஒராள் பாருங்கோ, என்ன?' என்று நீ கேட்டபோதும் இப்படித்தான் இருந்தோம். உன் சட்டம் கோபத்தை விழுங்கவைத்தது. அன்றைக்கு அந்த ஓம் என்ற சொல்லையும் விழுங்கவைத்துவிட்டது. இது உன் குற்றம் இல்லை, மச்சாள். கோபத்துக்குப் போட்ட சட்டத்தைப் பொறுப்புக்கும் வைத்துக்கொண்டது நாங்கள்.

ஜன்னலடிக்குப் போய் வாயில் இருந்ததைத் துப்பினேன்.

"நான்" என்றேன். "கஜந்தினி. நான் வாசிக்கிறன்."

"துப்பிப்போட்டியே, அநியாயம்!" என்றாள் பவித்திரா. அழுதுகொண்டே சிரித்தாள். நீ போனபிறகு அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு அது.

இனி இதுதான் எங்கள் சட்டம்: 'ஆர்' என்று ஒரு கேள்வி வந்தால் வாயைக் காலிசெய்யவேண்டும், பெயரைச் சொல்லவேண்டும். தலையாட்டினால் செல்லாது. உனக்குச் சம்மதமா?

அப்போது வந்த தைரியம் வீட்டு வாசலோடு போய்விட்டது. இப்போது பயம்தான் இருக்கிறது. அப்பாவும் அந்தக் கூட்டத்துக்கு வருவார். பெயர் எழுதாதே என்றவர், நான் எழுந்து நின்று பெயரையும் சொல்லி, செய்யாமல் விட்டதையும் சொல்வதைக் கேட்பார். வீட்டுக்கு வந்தபிறகு என்ன சொல்வார்? ஒன்றும் சொல்லாமல் சோற்றுக் கையோடு இருந்துவிடுவாரோ? அதைத்தான் என்னால் தாங்கமுடியாது. ஏசினால் பரவாயில்லை. இது அந்த முகாம் இல்லை, அப்பா, இங்கே எழுதிக் கொடுத்தால் யாரும் என்னைக் கொண்டுபோகமாட்டார்கள் என்று அவரிடம் சொல்லவேண்டும்போல் இருக்கிறது. ஆனால் அவருடைய பயத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல எனக்கு என்ன தெரியும்? நான் அந்த வரிசையில் நின்றவள் இல்லையே.

மாமாவை நினைத்தாலும் பயம்தான். உன் பெயரைக் கேட்கத்தான் வருகிறார். கேட்பார். ஆனால் அதோடு சேர்த்து, உன் பேச்சை நாங்கள் காப்பாற்றியிருந்தால் அவருடைய துண்டு கருகியிருக்காது என்பதையும் கேட்பார். அவர் என்னைப் 'புள்ள' என்று இனியும் கூப்பிடுவாரா, தர்சி?

இருமல் சத்தம் நின்றுவிட்டது. அப்பா நித்திரை. எனக்கும் கண் எரிகிறது. முடிக்கவேண்டும்.

இந்தக் கடிதத்தைத் திங்கட்கிழமை கணினி அறைச் சுவரில் ஒட்டப்போகிறேன், அந்த அண்ணா ஒட்டச் சொல்லி நாங்கள் ஒன்றும் ஒட்டாமல் விட்ட அதே இடத்தில். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும். உனக்கு எழுதியதை நாலு பேர் எட்டிப் பார்த்தால் நீ கோவிக்கமாட்டாய்.

மச்சாள், உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், இந்த முறை தலையாட்டாமல் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பை கச்சான் கொண்டுபோவேன். வாசிக்க முன் கமக்காரர் எல்லாருக்கும் ஒவ்வொரு பிடி கொடுப்பேன். சேருக்கும் கொடுப்பேன். எங்கள் அப்பாவுக்கு இரண்டு பிடி, அவருக்கு மெல்ல நேரம் வேண்டும். உன் அப்பாவுக்கு மட்டும் கொடுக்கமாட்டேன். அவர் எந்த இடத்திலும் என்னை மறித்துக் கதைக்கலாம். என் வாய் வெறுமையாக இருக்கும். முதலில் என் பெயரைச் சொல்வேன், பிறகு உன்னுடையதை.

உன் மச்சாள்,
சிவபாலன் கஜந்தினி